பேனலைத் திறக்கத் தெரிந்த சேல்ஸ்மேன்

ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர் ஸ்ரீ கெம்பாங்கான். சுரங்கம் தோண்டிய பள்ளம் இன்று மைன்ஸ் ஏரி. சுற்றுவட்டாரத்திலும் பக்கத்து பாலாக்கோங்கிலும் இப்போது தொழிற்சாலைகள்தான். மரச்சாமான், பிளாஸ்டிக், உணவுப் பொட்டலம் என்று எதைச் செய்தாலும் உள்ளே சென்சாரும் மோட்டாரும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியும் ஓடியாக வேண்டும். அவற்றை விற்கும் டெக்னிக்கல் சேல்ஸ் வேலையை நம் வீடுகளில் இன்னும் பெட்டி தூக்கி அலையும் பிழைப்பாகவே பார்க்கிறோம். அது எனக்கு வருத்தம்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். இரவு நேரம், ஆலையிலிருந்து சேல்ஸ்மேனுக்குப் போன் வருகிறது.

"அண்ணே, டேங்க் லெவல் காட்டல. லைன் நின்னுருச்சு. புது சென்சார் இருக்கா?"

"மீட்டர் வச்சுப் பாருங்க தம்பி. எத்தனை மில்லிஆம்ப்?"

"சைபர்ண்ணே."

"அப்போ வயர் அறுந்திருக்கும், இல்லன்னா டெர்மினல் லூசு. முதல்ல அதைப் பாருங்க."

இத்தகைய சென்சார்கள் 4 முதல் 20 மில்லிஆம்ப் வரை சிக்னல் அனுப்பும். டேங்க் காலியாக இருந்தாலும் 4 வர வேண்டும். சைபர் என்றால் பெரும்பாலும் இணைப்பே இல்லை. அன்றிரவு விற்பனை போச்சு. ஆனால், அடுத்த முறை ஆலைக்காரர் முதலில் கூப்பிடுவது இவரைத்தான்.

பம்ப் விஷயமும் அப்படியே. மோட்டார் 50 ஹெர்ட்ஸில் முழு வேகத்தில் ஓடும், வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் மாட்டி, வால்வைத் திறந்துவிட்டு, 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் பம்பில் அவ்வளவு மிச்சமாகாது. அதையும் குவோட்டேஷன் கொடுக்கும்போதே சொல்லிவிடுபவர்தான் நல்ல சேல்ஸ் என்ஜினியர்.

சிரமம் இல்லாமல் இல்லை. மாதாந்திர டார்கெட், நெடுஞ்சாலை நெரிசல், இழுத்தடிக்கும் பேமெண்ட் எல்லாம் உண்டு. ஆனால் பாலிடெக்னிக்கிலோ திறன் பயிற்சிக் கழகத்திலோ மின்சாரம் படித்து, மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் நம் பிள்ளைகளுக்குப் பாதி மூலதனம் கையிலேயே இருக்கிறது.

படிவம் ஐந்து முடித்த பிள்ளை வயரிங்கில் ஆர்வம் காட்டினால், தயவுசெய்து தடுக்காதீர்கள். கையில் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.