ஈ இல்லாதபோதும் வால் ஏன் வீசுகிறது?

குதிரை எதற்காக வாலை வீசுகிறது என்று யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும்: ஈ ஓட்ட. சரியான பதில்தான். ஆனால் குளிர்ந்த காற்று வீசும் காலை நேரத்தில், ஈயோ கொசுவோ கண்ணில் படாத கொடைக்கானல் ஏரிக்கரையில், ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரை விசுக் விசுக்கென்று வாலை அடித்துக்கொண்டால்? அப்போது என்ன காரணம் சொல்வது?

ஈ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதிலேயே ஓர் ஆச்சரியம் உண்டு. வாலால் பூச்சியை அடிப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கரீட் மாத்தர்ன், டேவிட் ஹூ குழுவினர் விலங்குகளின் வால்வீச்சை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வால் இடமும் வலமும் வீசும்போது நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் காற்று எழுகிறது. கொசு பறக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்! அந்தக் காற்றை எதிர்த்து வந்து உடலில் இறங்கக் கொசு திணறிப்போகிறது. ஏறக்குறைய பாதிக் கொசுக்களை வெறும் காற்றே விரட்டிவிடுகிறது. அதையும் தாண்டி வருகிற பூச்சிக்குத்தான் அடி. வெயில் நேரத்தில் இரண்டு குதிரைகள் தலைமாற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தன் முகத்தில் மொய்க்கும் ஈயைத் தன் வாலால் ஓட்ட முடியாது. பக்கத்தில் நிற்கும் தோழனின் வால் ஓட்டிவிடும்.

ஒரே ஓர் ஈ உட்கார்ந்தாலும் குதிரைக்குத் தெரிந்துவிடும். உடனே அந்த இடத்துத் தோல் மட்டும் வெடவெடவென்று உதறும். தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய தசை அதைச் செய்கிறது. நம் முதுகில் அப்படி ஒரு தசை கிடையாது.

ஈயின் பாதம் பட்டதையே உணரும் அந்தத் தோலின்மேல்தான் சவாரி செய்பவரின் குதிகால் படுகிறது. ‘போ’ என்று சொல்ல மெல்லிய ஓர் அழுத்தம் போதும். குதிரை நடக்கத் தொடங்கிய பிறகும் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு எரிச்சல் வரும். சிலர் குதிகாலால் ‘போ’ என்று சொல்லிக்கொண்டே கையால் கடிவாளத்தை ‘நில்’ என்று இழுத்துப் பிடிப்பார்கள். இரண்டில் எதைக் கேட்பது? குதிரைக்குப் புரிவதில்லை. வால் வீசத் தொடங்குகிறது.

சரி, எரிச்சல் விலாவில், ஆடுவது வால். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? வாலுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தால் புரியும். தரையைத் தொடும் அளவுக்கு நீண்டு தொங்குவதில் பெரும்பகுதி வெறும் முடி. உள்ளே இருக்கும் உண்மையான வால் அதைவிட மிகக் குட்டை. அதில் 15 முதல் 21 வரை சிறு எலும்புகள் இருக்கும். அவை தனி எலும்புகள் அல்ல. கழுத்தில் தொடங்கி முதுகு, இடுப்பு வழியாக வரும் அதே முதுகெலும்பின் கடைசித் துண்டுகள்! வாலை ஆட்டும் தசைகள் இடுப்பெலும்புப் பகுதியில் தொடங்குகின்றன. ஊசி போட்டுக்கொள்ளும்போது கவனித்திருப்பீர்கள்: வலி கையில்தான், ஆனால் பல்லைக் கடிக்கிறோம், கால்விரல்களையும் மடக்கிக்கொள்கிறோம். குதிரையின் முதுகு இறுகும்போதும் அந்த இறுக்கம் வால்வரை போய்விடுகிறது.

முதுகு இறுகுவதற்குக் காரணங்கள் பல. சேணம் முதுகெலும்பின் இரு பக்கத்துத் தசைகள்மேல் சமமாக உட்கார வேண்டும். நடு எலும்பைத் தொடவே கூடாது. அளவு சரியில்லாத சேணம் ஓரிடத்தில் மட்டும் அழுத்தும். சேணத்தைக் கட்டும் வயிற்றுவார் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். குதிரையின் மேல் கடைவாய்ப்பற்களின் வெளி ஓரம் தேயத் தேயக் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அவ்வப்போது அரம் வைத்து ராவிவிடாவிட்டால், கடிவாளம் இழுபடும்போதெல்லாம் வேதனைதான். வயிற்றுப் புண், மூட்டு வலி என்று இன்னும் இருக்கின்றன.

இத்தனை வலி இருந்தும் குதிரை பெரும்பாலும் சத்தம் போடாது. புலி, ஓநாய்களுக்கு இரையாகிவந்த விலங்குகளின் வழி வந்தது அது. ‘எனக்கு முடியவில்லை’ என்று காட்டிக்கொண்டால் ஆபத்து. அதனால்தான் மனிதர்கள் நெடுங்காலம் வலியை வலி என்று தெரிந்துகொள்ளாமல், ‘முரட்டுக் குதிரை’, ‘சோம்பேறிக் குதிரை’ என்று சொல்லிச் சாட்டையை எடுத்தார்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன் இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டவர். சவாரியின்போது வலியுள்ள குதிரைகள் என்னென்ன செய்கின்றன என்று அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் பொறுமையாகக் கவனித்து, 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை 2018-இல் வெளியிட்டார்கள். வாலைத் திரும்பத் திரும்பப் பலமாக வீசுவது அதில் ஒன்று. காதுகளைப் பின்னால் மடக்கி 5 நொடிக்கு மேல் வைத்திருப்பது, 10 நொடிக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருப்பது, வெறித்த பார்வை, அடிக்கடி தடுக்குவது ஆகியவையும் உண்டு. 24-இல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால், அந்தக் குதிரைக்கு எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

அவர்கள் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காலில் வலி உள்ள குதிரைகளை முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு வலிக்கும் இடம் மரத்துப்போக ஊசி போட்டு, மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். வாலடி, காது மடக்கல், வாய் திறப்பு எல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டன! சேட்டையும் பிடிவாதமும்தான் காரணம் என்றால், கால் மரத்ததும் அவை எப்படிக் குறையும்? அந்தக் குதிரைகள் சவாரி முழுவதும் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

டிரெஸ்ஸாஜ் என்று ஒரு போட்டி இருக்கிறது. ஒலிம்பிக்கிலும் உண்டு. குதிரை அழகாக அடியெடுத்து வைத்து நடனம்போல நடக்கும். அதன் சர்வதேச விதிகளில், வால் அமைதியின்றி ஆடுவது பெரும்பாலும் பதற்றத்தின் அல்லது எதிர்ப்பின் அடையாளம், நடுவர்கள் மதிப்பெண் போடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால், அமெரிக்காவில் சில குதிரைக் காட்சிகளில் பங்கேற்றவர்கள், வால் ஆடவே கூடாதென்று ஊசி போட்டு வாலையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். இப்போது விதிகள் அதைத் தடை செய்கின்றன. இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளின் வாலை எலும்போடு சேர்த்து வெட்டும் வழக்கமும் இருந்தது. அதைத் தடுக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது. வால் போன குதிரை ஈயையும் ஓட்ட முடியாது, வலியையும் சொல்ல முடியாது. எவ்வளவு கொடுமை!

வால் ஆடினாலே வலி என்று அவசரப்பட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் நொடியில் ஒருமுறை வீசலாம். உண்மையிலேயே ஈ கடித்திருக்கலாம். உடம்பு தளர்ந்து நிம்மதியாக ஓடும் குதிரையின் வால், ஒவ்வோர் அடிக்கும் முதுகு அசைவதற்கேற்ப இடமும் வலமும் மென்மையாக ஊசலாடும். பார்க்கவே அழகாக இருக்கும். வலியில் வரும் வீச்சு அப்படி இருக்காது. வெடுக்கென்று இருக்கும், மேலும் கீழுமாகவோ வட்டமாகவோ, திரும்பத் திரும்ப வரும். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், அல்லது வேகம் கூட்டும்போது மட்டும் வந்தால் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

மெரினாவிலோ ஊட்டியிலோ குதிரையைப் பார்த்தால், ஏறுவதற்கு முன் வேறொருவரைச் சுமந்து அது ஒரு சுற்றுப் போய்வரும்வரை வாலையும் காதையும் பாருங்கள். சேணத்தைக் கழற்றும் நேரமாக இருந்தால் முதுகையும் பாருங்கள். பழுப்போ கறுப்போ ஆன முதுகில், சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளை முடித் திட்டு இருக்கிறதா? முன்பு எப்போதோ பொருந்தாத சேணம் அழுத்தி, முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அங்கே அழிந்திருக்கலாம். அதன்பின் அந்த இடத்தில் முளைக்கும் முடி வெள்ளையாகவே இருக்கும். அப்படி ஒரு திட்டைப் பார்த்தால் குதிரைக்காரரிடம், “அண்ணே, இந்தச் சேணம் இதுக்குச் சரியா பொருந்துதா?” என்று தயங்காமல் கேளுங்கள்.