தண்ணி கேனைத் தூக்கித் திரும்பும் நொடியில்

சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் பக்கம் பல வீடுகளில் 20 லிட்டர் தண்ணி கேன்தான். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. குனிந்து தூக்குகிறோம், காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி ஸ்டாண்டில் வைக்கிறோம். இடுப்பை இப்படி வதைக்கும் வேலை வீட்டில் வேறில்லை என்பேன்.

முதுகெலும்பில், கழுத்தின் உச்சியைத் தவிர்த்தால், அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளை மூன்று மூட்டுகள் இணைக்கின்றன. முன்னால் டிஸ்க், பின்னால் இடமும் வலமுமாக இரண்டு ஃபேசட் மூட்டுகள். எந்தப் பக்கம் எவ்வளவு அசையலாம் என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன மூட்டுகளின் சாய்வைப் பொறுத்தது. கழுத்தில் அவை சரிவாக இருப்பதால் கழுத்து இடுப்பைவிடத் தாராளமாகத் திரும்புகிறது. இடுப்பிலோ முன்பின்னாக நிமிர்ந்து நிற்கின்றன. குனியலாம், நிமிரலாம், திரும்புவதென்றால் ஓர் அடுக்குக்கு ஓரிரு டிகிரிதான். குனிந்தபடி முறுக்கினால் டிஸ்க்கின் பின்புறம் அதிகமாக இழுபடும்.

அந்த டிஸ்க்கின் நடுவே கூழ், சுற்றிலும் நார் வளையம், மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள குருத்தெலும்புத் தகடு. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள், வெளி விளிம்பைத் தாண்டி, ரத்தக்குழாய் கிடையாது. ஊட்டம் பெரும்பாலும் அந்தத் தகடு வழியே கசிந்துதான் வர வேண்டும். இதைக் கண்ணால் காட்டியவர்கள் நம் கோவைக்காரர்கள். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் மருந்தை ஊசி வழியே செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் விட்டு விட்டுப் படம் எடுத்தது. கூழில் மருந்து உச்சம் தொட ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வுக்கு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசக் கழகத்தின் பரிசு கிடைத்தது.

2013-இல் அதே குழுவுக்கு மறுபடியும் அந்தப் பரிசு. டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்ததில், 117 பேருக்குப் பிய்ந்திருந்தது நார் வளையத்தின் நடுப்பகுதி அல்ல. டிஸ்க்கும் எலும்பும் சேரும் அந்தத் தகட்டோரம். அதுவரை பெரும்பாலோர் வளையத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே டிஸ்க்கையும் அந்தத் தகட்டையும் காக்க, கேனை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வையுங்கள். பிதுங்கலால் வரும் வலி பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தண்டுவடத்துக்குக் கீழேயுள்ள நரம்புக்கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது, அன்றைக்கே போங்கள்.