கல்லூரிப் பட்டியலில் கட்டணத்தையும் எழுதுங்கள்

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பொத்தேரியை நெருங்கும்போது, இருபுறமும் தெரிவதெல்லாம் ஒரே பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு வகை நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மற்றது, அதே குழுமத்தைச் சேர்ந்த எஸ்.ஆர்.எம். வள்ளியம்மை பொறியியல் கல்லூரி. முதலாவது தானே தேர்வு வைத்து, தானே விண்ணப்பம் வாங்கி, தானே கட்டணம் வைக்கும். இரண்டாவது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அரசின் பொறியியல் கலந்தாய்வில் அதற்கும் இடங்கள் உண்டு. கட்டணத்துக்கு அரசுக் குழு வைத்த வரம்பும் உண்டு. ஊரில் யாராவது “பையனுக்கு எஸ்.ஆர்.எம்.மில் சீட் கிடைச்சிடுச்சு” என்றால், “எந்த எஸ்.ஆர்.எம்., எந்தக் கோட்டா?” என்று கேட்காமல் வாழ்த்துச் சொல்ல வேண்டாம்.

கேளம்பாக்கம் பக்கத்து வி.ஐ.டி., படூரின் இந்துஸ்தான், வண்டலூரின் கிரசென்ட் எல்லாமே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்தாம். அவற்றில் படிப்பு தரமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாநில அரசின் ஒற்றைச் சாளரச் சேர்க்கையில் அவை இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை அங்கே செல்லாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் செல்லாது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பெற்றோருக்கு இது முக்கியம். ஏனென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் கண்ணில் படும் பெரிய பலகைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு கல்லூரி நமக்குக் கட்டுப்படியாகிவிடும் என்று நினைப்பதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு: கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரச் சான்று பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்றதென்றால் 87,000. நீங்கள் சேரும் ஆண்டில் இந்தத் தொகை திருத்தப்பட்டிருக்கிறதா என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவிலேயே வைத்துக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேரில் கலந்தாய்வில் வந்தவர் நான்கு ஆண்டுக்கு 2,20,000 கட்டுவார். மற்றவர் 3,48,000 கட்டுவார். முதலாமவர் முதல் பட்டதாரி என்றால், தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 வரை அரசு ஏற்கும். அவருடைய பங்கு 1,20,000 ஆகிவிடும். ஆசிரியரும் ஒருவர்தான், பட்டமும் ஒன்றுதான். இடைவெளி 2,28,000 ரூபாய். சேர்ந்த வழியும் அந்த வழியில் மட்டும் செல்லும் சலுகையும் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

அதனால் பட்டியல் போட உட்காரும்போது கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதச் சொல்வேன்: எந்த வழியாகச் சேர்க்கை, நான்கு ஆண்டு மொத்தச் செலவு, எந்தச் சலுகை செல்லும். இந்த மூன்றையும் எழுத முடியாத பெயரைப் பட்டியலில் வைக்கவே வேண்டாம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் என யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தால் தம்பிக்குச் சான்றிதழ் கிடையாது. வேறொரு பிள்ளை ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் அடுத்தவருக்கு இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் வாங்க வேண்டிய சான்று இது. தேர்வு முடிவுக்குப் பிறகு எல்லோரும் மொய்க்கும்போது போய் நிற்காமல், சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு சேர்த்து ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடலாம்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வழி திறந்திருக்கிறது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. அந்த இடம் கிடைத்தவருக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. மாமல்லபுரத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ அரசு மேல்நிலைப் பள்ளியில் 200-க்கு 150 கட்-ஆஃப் எடுத்த மாணவி, “நமக்கெல்லாம் இன்ஜினியரிங் எங்கே” என்று விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய நஷ்டம். இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலிருந்தும் நடக்கின்றன. அந்தப் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடைக்காது. “முதலில் மேனேஜ்மென்ட்டில் சேருங்கள், ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பொறியியலை விட்டு வெளியே வருவோம். செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். அந்தச் சிறு செலவுக்குச் சோம்பிவிட்டு, பொறியியல் கிடைக்காத ஜூலையில் தனியார் கலைக் கல்லூரிக்கு அலைகிற குடும்பங்கள் ஏராளம். பொறியியலுக்குப் போட்டாலும் இதற்கும் போடுங்கள். ரயிலில் மாணவர் சீசன் எடுத்து வந்துபோகிற செலவில் ஒரு பட்டம் முடிந்துவிடும்.

மாமல்லபுரத்திலேயே இன்னொரு கல்லூரி இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் பலருக்கு அங்கே ஒரு கல்லூரி இருப்பதே தெரியாது. 1957-இல் வைத்தியநாத ஸ்தபதி தலைமையில் தொடங்கி, பிறகு நெடுங்காலம் அவர் மகன் கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்., கல், உலோகம், மரம், சுதை என்று மரபுச் சிற்பத்தில் பி.எஃப்.ஏ., மரபு ஓவியம் ஆகியவற்றுக்குப் பட்டம் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது. கல்லூரி தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. உளிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அப்பாவின் கைத்தொழிலும் பட்டமும் ஒருசேரக் கிடைக்கிற இடம் வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் இல்லை. கொக்கிலமேடு, நெம்மேலி, கோவளம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தையும் பார்க்கலாம். மீனவர் நலவாரிய உறுப்பினரின் பிள்ளைகளுக்கு வாரியம் தனியாகக் கல்வி உதவித்தொகையும் தருகிறது.

இனி கலந்தாய்வு விருப்பப் பட்டியலின் வரிசை. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதத்தை அப்படியே எடுத்து, இயற்பியல், வேதியியலைப் பாதியாக்கிக் கூட்டுவது. கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 88, 38, 40 சேர்த்து 166. கடந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிடும்போது மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணையும், உங்கள் வகுப்புப் பிரிவின் தரவரிசையையும் பாருங்கள். வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும். தரவரிசை அவ்வளவு ஆடாது. ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் ஒரு கண் பார்ப்பது நல்லது. பலகையில் வேலைவாய்ப்பு சதவீதம் எழுதுபவர்கள் அதை எழுதுவதில்லை.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கணினி உங்கள் முதல் விருப்பத்திலிருந்து கீழே வந்து, உங்கள் தரவரிசைக்கு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்துகிறது. ஆகவே “நிச்சயம் கிடைக்கும்” என்று ஒன்றை முதலில் போட்டால், அதுதான் கிடைக்கும். கீழே இருக்கும் நல்ல கல்லூரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். கடைசியில், கிடைத்தால் உண்மையிலேயே போய்ப் படிப்போம், கட்டணமும் கட்ட முடியும் என்கிற ஐந்தாறு கல்லூரியாவது இருக்கட்டும். சேரமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்கிறோமா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று குறித்த நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். தவறினால் இடம் கைவிட்டுப் போகும்.

இந்த நேரத்தில்தான் ‘கல்வி ஆலோசகர்’ வருவார். பிள்ளையின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டு, கமிஷன் தரும் கல்லூரிகளை மேலே போட்டுப் பூட்டிவிட்டால் பிறகு அழுது பயனில்லை. கடவுச்சொல் பிள்ளையிடம் மட்டும் இருக்கட்டும். உதவி வேண்டுமென்றால் அரசின் சேர்க்கை உதவி மையங்கள் இருக்கின்றன. காசு கேட்க மாட்டார்கள்.

மொத்தச் செலவில் கட்டணம் ஒரு பகுதிதான். மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை. ஜி.எஸ்.டி. சாலைக் கல்லூரிக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து ரயில் பிடிக்க வேண்டும், இல்லையேல் கல்லூரிப் பேருந்துக்கோ ஹாஸ்டலுக்கோ தனிப்பணம். கல்லூரிப் பேருந்து கட்டாயமா, எத்தனை தவணை என்று சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, பணம் கேட்கும் நேரம். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்; கையில் காசு வற்றியிருக்கும். தேர்வு முடிவு வருவதும், தனியார் நிறுவனங்கள் ‘இன்றே முன்பணம் கட்டினால் சலுகை’ என்பதும் அதே மே மாதத்தில். மீட்டர் வட்டிக்கு வாங்கிச் சீட்டைப் ‘பிளாக்’ பண்ணுவது அப்போதுதான் நடக்கிறது. கலந்தாய்வின் எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் பொறியியல் இடங்கள் மீதமிருக்கின்றன, துணைக் கலந்தாய்வும் உண்டு. மே மாதத்தில் சொல்லப்படும் ‘கடைசி சீட்’ பெரும்பாலும் வியாபாரப் பேச்சு.

வங்கிக் கடன் என்றால், 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின் விதி. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் 4 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய் வேண்டும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பிள்ளையால் அது முடியுமா என்று இப்போதே பேசுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால், அந்தக் கல்லூரி உங்கள் பட்டியலுக்கு உரியதில்லை.

ஒரு இடத்தில் பணம் கட்டிவிட்டு வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுத் தொகை, சிறிய நடைமுறைக் கழிவு போக. அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 2024-25-க்கு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகுபவருக்கு முழுப்பணம் என்று குழு சொன்னது. மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் இது கட்டுப்படுத்தும். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சதவீதம் அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்காகும். ரசீது இல்லாத ரொக்கத்துக்கு எந்த விதியும் துணை வராது.

நிர்ணயித்ததற்கு மேல் நன்கொடை என்று கேட்டால், அது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். பொறியியல் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் எழுத வேண்டும். பணமோ சான்றிதழோ திரும்பாவிட்டால், நிகர்நிலை நிறுவனம் என்றால் மானியக் குழுவின் இ-சமாதான் தளம். எதற்கும் முதலமைச்சரின் உதவி மையம் 1100. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால், ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வழக்கு வரை போனால் செங்கல்பட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசம். போகும்போது ரசீது, விலகல் கடிதத்தின் நகல், கல்லூரி அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள் மூன்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.