வேகத்தைக் கூட்டச் சொல்லும் பலகை

சாலையோரப் பலகை என்றாலே ‘மெதுவாகச் செல்லவும்’ என்றுதான் சொல்லும். ஜப்பானின் விரைவுச்சாலைகளில் சில இடங்களில் நேர்மாறான பலகை நிற்கிறது. முதலில் ஓர் எச்சரிக்கை: ‘ஏற்றம் வருகிறது, வேகம் குறையும், கவனம்.’ கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று, குறைந்த வேகத்தை மீட்டுக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறது.

அந்த இடத்தில் ஏற்றம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். மெல்ல இறங்கிய சாலை, மெல்ல ஏறத் தொடங்கும். 100 மீட்டருக்கு ஓரிரு மீட்டர்தான் உயர்வு. தொய்ந்த கயிறு போன்ற இந்த அமைப்பைப் பொறியாளர்கள் ‘சேக்’ என்கிறார்கள். ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரை அதே அளவுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. வண்டியோ மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தை இழந்துவிடுகிறது. பின்னால் வருபவர் இடைவெளி சுருங்குவதைப் பார்த்து பிரேக்கைத் தொடுகிறார். அவருடைய சிவப்பு விளக்கைக் கண்டவர் இன்னும் சற்று அழுத்துகிறார். இப்படியே போய், வெகு தூரத்துக்குப் பின்னால் ஒருவர் வண்டியை நிறுத்தியே விடுகிறார். முதலில் வேகம் குறைந்தவர் எதுவுமே அறியாமல் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பார்.

ஜப்பானிய விரைவுச்சாலை நெரிசல்களில் சுமார் 60 சதவீதம் இப்படி ஏற்றங்களிலும் சேக் பகுதிகளிலும் பிறப்பவைதான். டோக்கியோவையும் நகோயாவையும் இணைக்கும் தோமெய் விரைவுச்சாலையில் இருக்கும் யமாதோ சுரங்கப்பாதை இதற்குப் பேர்போன இடம். ஆகஸ்ட் மாதம் ஓபோன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரை வானொலியின் நெரிசல் அறிவிப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஒழுங்கில்லாததால்தான் நெரிசல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஹாரன் அடிக்காத, வரிசைக்குப் பெயரெடுத்த நாட்டிலும் பல கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கின்றன என்றால் அந்த விளக்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பழக்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாதுதான். நம்மைப் போலவே ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வலது லேன் முந்துவதற்கு. கூட்டம் சேரத் தொடங்கியதும், சீக்கிரம் போகலாம் என்று ஆளுக்கு ஆள் வலது லேனுக்கு மாறுகிறார்கள். அங்கே வண்டிகள் நெருங்குகின்றன. கடைசியில் நெரிசல் அந்த லேனில்தான் முதலில் வெடிக்கிறது. லாரிகள் ஊரும் இடது லேனில் அப்போது இடம் மிச்சம் இருக்கும். ‘இடப்பக்கமே செல்லுங்கள்’ என்று சாலை நிறுவனங்கள் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

மேடே இல்லாவிட்டால்? அதையும் சோதித்தார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமா குழு, 230 மீட்டர் சுற்றளவுள்ள சமதளமான வட்டப் பாதையில் 22 கார்களை விட்டது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள், முன்வண்டியோடு இடைவெளி விடுங்கள் என்பது மட்டுமே கட்டளை. சிக்னல் இல்லை, குழி இல்லை, குறுக்கே வர மாடும் இல்லை. சற்று நேரம் சீராகச் சுற்றிய கார்களுக்கு நடுவே ஒரு தயக்கம் தோன்றியது. சில கார்கள் முழுதாக நின்றன. அந்த நிற்கும் கூட்டம், மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. முடிவுகள் 2008-இல் வெளியாயின. அதன் காணொளியில் குற்றவாளி ஓட்டுநர் யாரென்று தேடினால் கண்தான் வலிக்கும்.

எறும்புச் சாரிகளையும் கார் வரிசைகளையும் சேர்த்தே ஆராய்ந்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்சுஹிரோ நிஷினாரி. ‘நெரிசலியல்’ என்று பொருள்படும் தலைப்பில் 2006-இல் ஒரு புத்தகமே எழுதினார். விரைவுச்சாலையில் ஒரு லேனில் கிலோமீட்டருக்கு 25 வண்டிகளுக்கு மேல் சேர்ந்தால், அதாவது இடைவெளி 40 மீட்டருக்குக் கீழே போனால், ஓட்டம் எந்த நொடியும் குலையலாம் என்பது அவர் கணக்கு. முன்னால் நெரிசல் தெரிந்ததும் சிலர் மட்டும் முன்கூட்டியே மெதுவாகி இடைவெளியைப் பெருக்கினால், பின்னோக்கி வரும் அலை அந்த வெற்றிடத்தில் கரைந்துவிடும்.

40 மீட்டரா! சென்னை ஜிஎஸ்டி சாலையில் 4 மீட்டர் விட்டாலே இரண்டு பைக்கும் ஓர் ஆட்டோவும் குடியேறிவிடும். நெருக்கத்தைத் தாங்கும் அளவு ஊருக்கு ஊர் மாறுவது நடையிலேயே தெரிகிறது. ஜெர்மானியர்களையும் இந்தியர்களையும் தனித்தனியே ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. கான்பூர் ஐஐடி ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். ஒரே நெருக்கத்தில் இந்தியர்களே வேகமாக நடந்தார்கள். முன்னால் போகிறவரின் முதுகு அருகே வந்தாலும் அவர்கள் கால் அவ்வளவாகத் தயங்கவில்லை.

மரியாதையே வரிசையை நீட்டும் ஊரும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஒரு லேன் முடியப்போகிறது என்று பலகை சொன்னதுமே பலர் அடுத்த லேனுக்கு மாறிவிடுவார்கள். கடைசிவரை வந்து நுழைகிறவர் வரிசை தாண்டும் அடாவடிக்காரர். ஆனால் காலி லேனைக் கடைசிவரை பயன்படுத்தி, ஜிப்பின் பற்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்ந்தால் வரிசையின் நீளம் 40 சதவீதம் வரை குறையும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறையே பிரசாரம் செய்கிறது. ஜெர்மனியில் அப்படிச் சேர்வது சட்டம்.

ஜப்பானியர்கள் இப்போது பலகையை மட்டும் நம்புவதில்லை. நெரிசல் பிறக்கும் இடங்களில் சாலையோரமாக எல்இடி விளக்குகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை எரியும்போது, வெளிச்சமே வண்டிகளுக்குப் பக்கத்தில் ஓடுவதுபோலத் தெரியும். கண் அதைத் தொடர, கால் தானாக ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. வேகம் குறைந்ததையே உணராத ஓட்டுநர், அது கூடியதையும் உணராமல் மேட்டைக் கடந்துவிடுகிறார்.