பதினைந்து டாலர் பெட்டியும் நீல ஸ்னாகிள்டூத்தும்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. கொத்தமல்லியும் தயிரும் வாங்கக் கிளம்பியவன், தெருமுனையில் 'கராஜ் சேல்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன். கராஜ் சேல்னா எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வீட்டை விற்றுவிட்டு சின்ன அபார்ட்மெண்டுக்குப் போகிறாராம். மேஜை மேல் பழைய தட்டுகள், கிறிஸ்துமஸ் விளக்குகள், ஒரு தையல் மெஷின். மேஜைக்கு அடியில் கருப்பாக ஒரு பெட்டி. டார்த் வேடரின் தலை வடிவத்தில் கென்னர் கம்பெனி 1980ல் விட்ட பெட்டி அது. உள்ளே 31 பொம்மைகள் வைக்கலாம். திறந்தால் 22 பொம்மைகள் படுத்திருந்தன. மகன் சின்ன வயதில் விளையாடியது என்றார்.

இரண்டாவது தட்டில், நீல உடையும் வெள்ளி நிற பூட்ஸுமாக ஒருத்தன். பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது.

"பதினைந்து டாலர். அதிகமா சொல்றேனா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லைங்க, சரியான விலைதான்" என்றேன் நான்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த ஒரு வரி பதில்தான். அதற்கு முன்னால், மூணே முக்கால் அங்குல பிளாஸ்டிக் பொம்மைக்கு ஒரு வளர்ந்த மனுஷன் ஏன் படபடக்கணும்னு நீங்க கேட்பீங்க இல்லையா? அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலிப் பெட்டி விற்ற கம்பெனி

ஸ்டார் வார்ஸ் முதல் படம் 1977 மே 25 அன்று வெளியானது. அப்போது சினிமாப் பொம்மைகளை யாரும் பெரிய வியாபாரமாக நினைக்கவில்லை. ஆக்‌ஷன் ஃபிகர் விற்பனையில் அன்று பெரிய ஆளாக இருந்த மெகோ கம்பெனி இந்த உரிமையை வேண்டாம் என்றது. சின்சினாட்டியில் இருந்த கென்னர் எடுத்துக்கொண்டது. நாங்கள் இப்போது குடியிருப்பதும் சின்சினாட்டிக்குப் பக்கத்தில்தான். வேலைக்காக வந்த ஊர் இப்படி அமைந்தது என் பாக்கியமா, என் மனைவியின் கஷ்டகாலமா தெரியவில்லை!

படம் தாறுமாறாக ஓடியது. ஆனால் பொம்மைகள் தயாராகவில்லை, கிறிஸ்துமஸோ நெருங்கிவிட்டது. கென்னர் என்ன செய்தது தெரியுமா? ஒரு அட்டை உறையை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது, ஒரு சீட்டு இருந்தது. அதைத் தபாலில் அனுப்பினால் 1978ல் லூக், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்டூ-டிடூ நான்கு பேரும் வீட்டுக்கு வருவார்கள். பொம்மை இல்லாத பரிசை மரத்தடியில் வைத்து பெற்றோர்கள் பிள்ளைகளைச் சமாளித்தார்கள்.

அளவும் முக்கியம். அதற்கு முன் பிரபலமான ஜி.ஐ. ஜோ பொம்மை 12 அங்குலம். அந்த அளவில் விண்கலம் செய்தால் அது கட்டில் அளவுக்கு வந்துவிடும். மூணே முக்கால் அங்குலம் என்றால் பொம்மையும் விலை குறைவு, அது ஏறி உட்கார விண்கலமும் செய்யலாம். ஒரு பொம்மை அப்போது சுமார் 2 டாலர். 1985 வரை 90க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் வந்தன. பொம்மை உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ், அதனால் எவ்வளவு சம்பாதித்தார் என்பது ஹாலிவுட்டே படித்த பாடம்.

எது அரிது, ஏன் அரிது

இதுதான் சுவாரஸ்யமான பகுதி. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். விலை ஏறுவது பெரும்பாலும் பிழையிலும், பாதியில் மாற்றிய டிசைனிலும்தான்.

நீல ஸ்னாகிள்டூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது குள்ளமான உருவம். ஆனால் கென்னர் டிசைனர்களிடம் இருந்த படத்தில் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. மற்றவர்கள் உயரத்துக்கே செய்து, பூட்ஸும் மாட்டி, நீலச் சட்டை போட்டுவிட்டார்கள். 1978ல் சியர்ஸ் கடையில் மட்டும் விற்ற ஒரு செட்டில் அது வந்தது. தவறு தெரிந்ததும் குள்ளமான, சிவப்பு உடை போட்ட, செருப்பில்லாத ஸ்னாகிள்டூத் வந்துவிட்டது. சிவப்பு ஊரெல்லாம் கிடைக்கும். நீலத்துக்குத்தான் மவுசு.

ஜாவா என்ற குட்டி உருவத்துக்கு முதலில் வினைலில் அங்கி போட்டார்கள். மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாறினார்கள். இன்றைக்கு அந்த 'மலிவான' வினைல் அங்கி ஜாவா, அட்டை இல்லாமல் வெறும் பொம்மையாகவே ஆயிரம் டாலரைத் தாண்டும்.

போபா ஃபெட் கதை இன்னும் பெரிசு. 1979ல், பொம்மை அட்டையில் இருந்து வெட்டிய நாலு சீட்டை அனுப்பினால் ராக்கெட் பாய்ச்சும் போபா ஃபெட் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். வேறொரு கம்பெனியின் பொம்மை ஏவுகணை குழந்தையின் தொண்டையில் சிக்கிய துயரத்துக்குப் பிறகு, ராக்கெட்டை அசையாதபடி ஒட்டித்தான் அனுப்பினார்கள். ராக்கெட் பாயும் சோதனை மாதிரிகள் சில மட்டும் வெளியே தங்கிவிட்டன. அதில் ஒன்று 2024ல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லணும். 1995ல் கென்னர் மறுபடி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை இறக்கியபோது, பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல் அடுக்கினார்கள். 'பிள்ளை காலேஜ் போகும்போது விற்றால் போதும்' என்று கணக்குப் போட்டார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கே போனால் அதிசயம். எல்லாரும் பத்திரமாக வைத்தால் எது அரிதாகும்? 1978ன் பொம்மைகள் விலை போவதற்குக் காரணமே, பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்து, நாய்க்குக் கொடுத்து, துப்பாக்கியைத் தொலைத்து விளையாடித் தீர்த்ததுதான்.

நான் ஏமாந்த கதை

எனக்கு இந்தப் பொம்மைகள் சின்ன வயதில் கிடைத்ததில்லை. கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த பொம்மை, திருவிழாக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பஸ். ஸ்டார் வார்ஸையே காலேஜ் ஹாஸ்டலில், நாலு பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்துதான் பார்த்தேன். அதனால் 'மலரும் நினைவு' என்று பொய் சொல்ல மாட்டேன். மகளுக்காக ஒரு பழைய ஆர்டூ-டிடூ வாங்கப் போய், அதன் தலையைத் திருப்பும்போது வந்த 'கிளிக்' சத்தத்தில் விழுந்தவன் நான்.

ஆரம்பித்த முதல் வருஷம், வினைல் அங்கி ஜாவா ஒன்று ஆன்லைனில் 250 டாலருக்கு வந்தது. அடிச்சுது லக்கு என்று வாங்கினேன். வந்த பிறகு அனுபவசாலி ஒருவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஓபி-வான் கெனோபி பொம்மையின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டுவது இந்த உலகத்தில் ரொம்பப் பழைய தந்திரமாம். ஆயிரத்துக்குப் போவது 250க்கு ஏன் வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். விற்றவர் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு. 'தெரிஞ்சே ஏமாத்திட்டான்' என்று மாசக்கணக்கில் புலம்பினேன்.

இப்போ அந்த கராஜுக்குத் திரும்பி வாங்க.

"அந்தம்மாவுக்குத் தெரியுமாங்க?"

வீட்டுக்கு வந்து பொம்மைகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். கொத்தமல்லியை மறந்தது தனி வழக்கு. சமீபத்தில் விற்ற விலைகளைப் பார்த்துக் கூட்டினேன். மொத்தமாக 450 டாலர் வரும்.

மனைவி கேட்டது ஒரே கேள்வி. "இது என்ன விலைன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது. தெரிஞ்சா பதினஞ்சுக்குக் கொடுப்பாங்களா?"

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எனக்குள்ளே வாதாடினேன். விலை சொன்னது அவர்தான். போனில் பத்து நிமிஷம் தேடினால் அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு இந்த அறிவு சும்மா வரவில்லை, 250 டாலர் கொடுத்துப் படித்தது. இதெல்லாம் நியாயமான வாதம்தான், இன்றைக்கும் சொல்வேன். விலை எழுதி ஒட்டிய பொருளை எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அவர் என்னைக் கேட்டார். நான் 'சரியான விலை' என்றேன். அது வியாபாரம் இல்லை, பொய்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்த பாத்திரக்காரர். ஆச்சி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவையும் வெண்கல உருளியையும் அம்மா எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினாள். "இதுக்கு இவ்வளவுதான் வருமாண்ணே?" என்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பழசுதானேக்கா, இதே அதிகம்" என்றார் அவர். அந்த உருளி மாதிரி ஒன்றை இப்போது சென்னையில் பெரிய ஹோட்டல் வாசலில் பூ மிதக்க விட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகம் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியோடு திரும்பப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பர்ஸை எடுக்கப் போனார். "ஏதாவது உடைஞ்சிருக்கா? பணத்தைத் திருப்பித் தர்றேன்."

விஷயத்தைச் சொன்னேன். போனில் விலைகளைக் காட்டினேன். நீல ஸ்னாகிள்டூத் மட்டுமே நூறு டாலருக்குக் குறையாது என்றதும் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

வேறு மாநிலத்தில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். அவருக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். பெட்டி இன்னும் இருந்ததே அவருக்குத் தெரியாதாம். எல்லாம் வேண்டாம், சூபாக்கா மட்டும் வேண்டும் என்றார். காலில் அவர்கள் வீட்டு நாய் கடித்த பல் தடம் இருக்கும், பாருங்கள் என்றார். இருந்தது. சந்தையில் அந்தத் தடத்தால் விலை பாதியாகும்.

மீதி 21ஐயும் பெட்டியையும் 400 டாலருக்கு நான் எடுத்துக்கொண்டேன். முன்னால் கொடுத்த பதினைந்தைக் கழித்து மீதியைக் கொடுத்தேன். "உங்க நேர்மைக்கு விலை 385 டாலர், அதுவும் ஒரு நாள் லேட்டு" என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அந்த வருஷம் புதுப் போன் கிடையாது.

தொடங்க நினைத்தால்

உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ ஆசை வந்தால், பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அட்டையில் மூடியதை விட்டுவிட்டு விளையாடிய பொம்மையில் தொடங்குங்கள். சாதாரணப் பாத்திரங்கள் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும். காலின் பின்பக்கம் வருஷமும், பெரும்பாலும் ஹாங்காங், தைவான் போன்ற நாட்டின் பெயரும் அச்சாகியிருக்கும். அந்த வருஷம் டிசைன் உரிமை பெற்ற வருஷம், உங்கள் பொம்மை தயாரான வருஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டின் பெயர் இல்லாத அசலும் உண்டு.

துப்பாக்கியிலும் லைட்சேபரிலும்தான் போலி அதிகம். சில நேரம் பொம்மையை விடத் துப்பாக்கி விலை கூட. தண்ணீரில் போட்டு மிதக்குதா பார் என்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும். ஸ்டார்ம்ட்ரூப்பர்களைப் பார்த்தாலே தெரியும். ஜன்னல் பக்கமும் வேண்டாம், வெக்கை ஏறும் பரணும் வேண்டாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். துப்பாக்கி தொண்டையில் சிக்கும் அளவு. பழைய பிளாஸ்டிக்கிலும் சாயத்திலும் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, இதை முதலீடு என்று நினைத்து இறங்காதீர்கள். ஓய்வுக்காலப் பணம் அதற்கான கணக்கில் இருக்கட்டும்.

இங்கே நம்மில் பலர் வாங்கும் வீடுகள், இந்த மாதிரி வயதானவர்கள் காலி செய்யும் வீடுகள்தான். பேஸ்மெண்டில் ஒரு பெட்டி மிஞ்சியிருந்தால், திறப்பதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது எது என்று நமக்குத் தெரியாது.

சூபாக்காவை நானே பார்சல் கட்டி மகனுக்கு அனுப்பிவைத்தேன். அதற்கான தபால் செலவை நான் எவ்வளவு மறுத்தும் அந்த அம்மா விடவில்லை. ரசீதைப் பார்த்து, சில்லறை வரை எண்ணி என் கையில் வைத்தார்.