சாக்குத்துணியில் தைத்த கேள்வி

சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்கள் கொண்டுபோன பலர் வீடு திரும்பவில்லை. அவர்களைத் தேடி அலைந்த தாய்மாரும் மனைவியரும் தலைநகர் சாந்தியாகோவில், திருச்சபையின் ஆதரவில் கூடித் தைத்த துணிப்படங்கள்தான் ‘அர்பியெரா’க்கள். அடியில் சாக்குத்துணி, மேலே ஒட்டுத்துணி. காணாமல்போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு.

படத்தின் மேற்பகுதியில் ஆண்டிஸ் மலை, பளிச்சென்று சூரியன். குழந்தைகளுக்கான படம் என்று கடந்துவிடாதீர்கள். கீழே நிற்கும் பெண்களின் பதாகை ‘அவர்கள் எங்கே?’ என்று கேட்கிறது. சிலவற்றின் பின்பக்கம் ஒரு குட்டிப் பை. உள்ளே, தைத்தவர் எழுதிய சீட்டு.

அன்று இவற்றை உள்ளூரில் வெளிப்படையாக விற்க முடியவில்லை. ரகசியமாக எல்லை தாண்டி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விலைபோயின. அந்தப் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.