புதன்கிழமை, பின்னறைக்குள்ளே!

செருப்பை வாசலில் விட்டுவிட்டு சத்தம் போடாமல் என் பின்னாடியே வாங்க! இன்றைக்குப் புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். முன்பக்கத்து அழுகையும் கூட்டமும் எல்லோரும் பார்த்ததுதான். நமக்குக் கிடைத்திருப்பது பின்னறைக்குள் நுழைய அனுமதி!

உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு மூலையில் சிரிஞ்சுப் பெட்டிகள், மேலே பதிவேடுகள், அவற்றின் மேல் யாரோ பாதி குடித்த டீ. மேசையில் ஐஸ் பேக்குகள் வியர்த்து வழிகின்றன, நர்சக்காவும்தான்! அவர் ஒரு ஐஸ் பேக்கைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அது தடுப்பூசி மருந்து வைக்கும் நீலப் பெட்டிக்குள் போகும். ஏனென்றால் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். சூடும் ஆகாது, சில மருந்துகளுக்கு உறைந்துபோவதும் ஆகாது.

குப்பியைக் கிட்டப் பாருங்க! வட்டத்துக்குள் குட்டிச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பை வாளிதான்.

கதவிடுக்கில் ஒரு தலை. பத்து வயதுப் பையன், டிடி ஊசிக்கு வந்தவன்.

"அக்கா, உள்ள போய் அது என்ன பண்ணும்?"

"ஒத்திகை நடத்தும், தம்பி. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் கிருமிகள் கக்குற நஞ்சுல இருந்து கெடுதலை முன்னாடியே எடுத்துட்டுத்தான் இதைச் செய்வாங்க. இது ஆளை மட்டும் அடையாளம் காட்டும். உன் அக்குள்ல நிணநீர் முடிச்சு இருக்கே, அங்க இருக்கிற செல்லெல்லாம் கூடிப் பார்க்கும். அந்த நஞ்சை மடக்கிப் பிடிக்க எதிர்ப்பொருள் செய்யும். சில செல்லுங்க அந்த முகத்தை நினைவுல வச்சுக்கும். நிஜ நோய் வந்தா, மேடையில தடுமாற்றமே இருக்காது!"

"வலிக்குமா?"

"எனக்கு வலிக்காது!"

கூட வந்த அவன் அம்மா சிரிக்கிறார், பையன் முறைக்கிறான். அதற்குள் ஊசி போட்டாயிற்று. கட்டரில் ஊசிமுனை 'டக்'கென்று துண்டாகிறது. பெயர், தேதி, அட்டையில் கையெழுத்து... அக்காவின் பேனா நிற்பதே இல்லை.

அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். மயக்கமோ ஒவ்வாமையோ வந்தால் உடனே கவனிக்கத்தான். பையன் தோளைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதே!" என்கிறான்.

"ஒத்திகை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். ஓரிரு நாள்ல சரியாயிடும்."

"அடுத்த ஊசி எப்போ?"

"16 வயசுல."

"அப்பாடா! அதுக்குள்ள நான் மறந்துடுவேன்."

"நீ மறக்கலாம் ராசா. உன் செல்லுங்க மறந்துடக் கூடாதுன்னுதான் மறுபடியும் கூப்பிடுறோம்!"